பட்டாளத்துக்குப் போன தாத்தாவும் கூடப்பிறந்தவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தாத்தா 1942-ல் வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பட்டாளத்துக்குப் போனார். நான்கு பேரில் இரண்டாமவர். மூத்தவர் ஏர் பிடித்தார். மூன்றாமவர் அதற்கு முன்பே மலேயா போயிருந்தார். கடைக்குட்டி ஆரம்பப் பள்ளி வாத்தியார் ஆனார். இந்த நால்வரின் கதையைத் திரட்டி முடிக்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. நடுவில் பலர் கேட்ட கேள்விகளையும், நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு உலகப் போர்களுக்கும் தமிழ்க் கிராமங்களிலிருந்து போனவர்களைத் தேடுகிறவர்களுக்கு இது உதவும்.

எங்கே தொடங்குவது?

வீட்டில்தான். இணையத்தில் அல்ல. இரும்பு டிரங்குப் பெட்டி, பரண், பீரோவின் அடித்தட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகிய காகிதம், பழைய தகர டப்பா என்று எல்லாவற்றையும் பாருங்கள். முக்கியமாக, தாத்தா வாழ்ந்த வீட்டில் மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். அவர் பட்டாளத்தில் இருந்த காலத்தில் வீடு யார் கையில் இருந்ததோ அவருடைய வாரிசுகளிடம் போய்க் கேளுங்கள். எங்கள் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக் (பட்டாளத்திலிருந்து விடுவித்து அனுப்பும்போது கொடுத்த புத்தகம்) எங்கள் வீட்டில் இல்லை. பெரிய தாத்தாவின் பேரன் வீட்டில், நிலப் பத்திரங்களோடு சேர்த்து மஞ்சள் பையில் கட்டி வைத்திருந்தார்கள். அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. ஏதோ பத்திரம் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் புக் கிடைத்துவிட்டது. அதில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் படை எண். பெயரைவிட அதுதான் முக்கியம். ஒரே படையில் பத்து முனுசாமி இருப்பார்கள், எண் ஒன்றுதான். அப்புறம் படைப்பிரிவின் பெயர், சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, விடுவித்ததற்கான காரணம், கிராமம், தாலுகா, தபால் நிலையம், நெருங்கிய உறவினர் யார் என்ற விவரம்.

அங்க அடையாளம் என்ற பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இடது புருவத்துக்கு மேல் தழும்பு, வலது முழங்கையில் பச்சை குத்தியது என்று எழுதியிருப்பார்கள். போட்டோவே இல்லாத ஒருவரின் உடம்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே வர்ணனை பல சமயம் அதுதான். எங்கள் தாத்தாவுக்கு நெற்றியில் தழும்பு என்று இருந்தது. அது அண்ணன் எறிந்த பம்பரம் பட்டு வந்ததாம், அத்தைப்பாட்டி சொன்னார்.

பதவிப் பெயர்களில் குழம்ப வேண்டாம். காலாட்படையில் சிப்பாய், பொறியாளர் படையில் சாப்பர், பீரங்கிப் படையில் கன்னர், வண்டி ஓட்டினால் டிரைவர். எல்லாமே ஒரே படிநிலைதான். அதற்கு மேல் லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், அப்புறம் ஜமேதார், சுபேதார். அன்றைய ஜமேதார்தான் இன்றைய நாயப் சுபேதார்.

புத்தகம் எதுவும் இல்லை. “மிலிட்டரியில் இருந்தார்” என்று மட்டும்தான் வீட்டில் சொல்கிறார்கள். எந்தப் படை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம், பலரும் செய்யும் தவறு இது. முதல் உலகப் போருக்குப் பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்து, 1920-களின் முடிவில் ஒன்றும் மிச்சமில்லாமல் செய்துவிட்டார்கள். அடுத்த போர் மூண்ட பிறகுதான் ரெஜிமெண்டைத் திரும்ப உருவாக்கினார்கள். ஆகவே இரண்டாம் போரில் சேர்ந்த தமிழர்களில் பெரும்பகுதியினர் வேறு இடங்களில் இருந்தார்கள்: பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ், லாரி ஓட்டிய ஆர்மி சர்வீஸ் கோர், ரோடும் விமானத் தளமும் போட்ட பயனியர் கோர், சிக்னல்ஸ், மருத்துவப் படை, பட்டறை வேலை பார்த்த பிரிவுகள். சமையல், சலவை, முடிதிருத்தம், துப்புரவு என்று ஆயுதம் ஏந்தாத பதவிகளில் போனவர்களும் ஏராளம். வீட்டில் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு “மிலிட்டரி” என்று சுருக்கிச் சொல்லியிருப்பார்கள்.

பாட்டி சொன்ன ஒரு சொல்லிலிருந்தே துப்பு கிடைக்கும். “பாலம் கட்டினார்” என்றால் சாப்பர். “பெங்களூரில் டிரெய்னிங்” என்றாலும் அதுவாக இருக்க வாய்ப்புண்டு. மதராஸ் சாப்பர்ஸ் வீரர்களுக்கு இன்றும் படைக்குள் செல்லப்பெயர் ‘தம்பி’. எங்கள் தாத்தாவை ஊரில் சிலர் “தம்பி பட்டாளத்தார்” என்று கூப்பிட்டார்கள். அண்ணனுக்குத் தம்பி என்பதால் வந்த பெயர் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்!

போட்டோ இருந்தால் தோளைப் பெரிதாக்கிப் பாருங்கள். டிவிஷன் (பல படைப்பிரிவுகள் சேர்ந்த பெரிய படை) சின்னம் தெரியலாம். கறுப்புப் பூனை என்றால் 17-வது இந்திய டிவிஷன், பர்மா. சிவப்புக் கழுகு என்றால் 4-வது, வட ஆப்பிரிக்காவும் இத்தாலியும். ஸ்டூடியோவில் சட்டையை இரவல் வாங்கிப் போட்டு எடுத்த படங்களும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

பதக்கம் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து என்ன சொல்ல முடியும்?

நிறையச் சொல்லலாம். முதலில் விளிம்பைப் பாருங்கள். எண்ணும் பெயரும் படையும் பொறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பாலிஷ் போடாதீர்கள். எழுத்து தேயும்.

ஆறு முனை நட்சத்திரங்களில் பெயரே இடத்தைச் சொல்லிவிடும். பர்மா ஸ்டார் என்றால் 1941 டிசம்பருக்கும் 1945 செப்டம்பருக்கும் இடையில் பர்மா போர்க்களம். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் 1940 ஜூன் முதல் 1943 மே வரை அந்தக் களம். இத்தாலி ஸ்டார் தனி. இந்தியா சர்வீஸ் மெடல் மட்டும் இருந்து நட்சத்திரம் எதுவும் இல்லையென்றால், அவர் பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளேயே இருந்திருப்பார். “தாத்தா பர்மாவில் சண்டை போட்டார்” என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அசாம் போகும் ரயில்களில் சரக்கு ஏற்றியவர்களும் இல்லாமல் பர்மா சண்டை நடந்திருக்காது.

முதல் உலகப் போர்ப் பதக்கத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரிட்டிஷ் வார் மெடல் போர்வீரர்களுக்கு வெள்ளியில் வந்தது. தொழிலாளர் படையிலும் பணியாட்களாகவும் போன இந்தியர்களுக்கு அதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் இருப்பது வெண்கலம் என்றால், அது மட்டமான நகல் அல்ல. கொள்ளுத்தாத்தா எந்த வேலையில் போனார் என்பதற்கான சாட்சி.

சர்வீஸ் ரெக்கார்டை எங்கே கேட்பது?

லண்டனில் தேடிப் பொழுதைக் கழிக்க வேண்டாம். அங்கே அதிகாரிகளைப் பற்றித்தான் நிறைய இருக்கும். சாதாரணச் சிப்பாயின் ஆவணம் அவர் படையின் ரெக்கார்டு ஆபீஸில் இருந்தால் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூர், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு.

கடிதத்தில் படை எண், பெயர், தந்தை பெயர், கிராமம், அன்றைய தாலுகா, அன்றைய மாவட்டம், சேர்ந்த உத்தேச ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். நீங்கள் வாரிசு என்பதற்கான சான்றின் நகலும் வையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். எந்த முகவரிக்கு எழுதுவது என்பதை அங்கே சொல்லிவிடுவார்கள். எனக்கு முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதில் எண்ணைச் சேர்த்து எழுதினேன், வந்தது. ஒன்றரைப் பக்கம்தான், ஆனால் தேதிகள் இருந்தன.

போரில் இறந்துவிட்டார் என்று தந்தி வந்ததாம். சமாதி எங்கே?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் உலகப் போரில் மட்டும் பிரிக்கப்படாத இந்தியாவின் படைகளில் இறந்தவர்கள் சுமார் 87,000 பேர். பதிவோடு “இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்தத் தாலுகா, இந்த ஊர்” என்று பல இடங்களில் இருக்கும்.

சமாதி இல்லாமல் பெயர் மட்டும் இருப்பது கண்டு மனம் தளர வேண்டாம். இந்து வீரர்களின் உடலைப் பொதுவாக எரித்துவிட்டார்கள். அதனால் பெயர் நினைவுத் தூணிலோ பதிவேட்டிலோ இருக்கும். பர்மாவில் இறந்தவர் என்றால் ரங்கூன் அருகே தாக்யான், அங்கே ஏறக்குறைய 27,000 பெயர்கள். மலேயா, சிங்கப்பூர் என்றால் கிராஞ்சி, 24,000-க்கு மேல். முதல் போரில் மெசப்பொட்டேமியா (இன்றைய ஈராக்) போனவர்களுக்குப் பஸ்ரா. சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் போகும்போது கடந்திருப்பீர்கள்.

தேடும்போது எழுத்துக்கூட்டல்தான் தலைவலி. முனுசாமி என்பதை முனிசாமி, மூனூசாமி, முனுஸ்வாமி என்று ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். ஊர்ப்பெயரும் அப்படித்தான். திருச்சிக்கு டிரிச்சினாப்பொலி, தஞ்சாவூருக்குத் தஞ்சூர், ராமநாதபுரத்துக்கு ராம்நாட். இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது.

முதல் உலகப் போருக்குப் போனவர் என்றால்?

கடினம்தான். ஆனால் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கலாம். “இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்” என்று ஆங்கிலத்தில் செதுக்கிய கல் பல ஊர்களில் பள்ளிச் சுவரிலோ சாவடியிலோ பதிந்திருக்கும். சில இடங்களில் சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மூழ்கிவிட்டது. பெயர் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான். அந்த எண்ணிக்கையில் உங்கள் ஆள் ஒருவர்.

அந்தக் காலத்துப் படைப்பெயர்கள் நம் ஊர்ப் பெயர்களாகவே இருந்தன. 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரி 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் இறங்கி அடி வாங்கியது. ‘ஆப்பிரிக்கா போனார்’ என்று திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தால், தோட்டத்து வேலைக்குத்தான் போனார் என்று எண்ணிவிட வேண்டாம்.

தேடுவது பட்டாளத்துக்காரரை. அண்ணன் தம்பிகளை எதற்குத் தேட வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

சிப்பாய் ஊரில் இல்லாதவர். அவர் இல்லாத காலத்தில் அவருக்காகக் கையெழுத்துப் போட்டது, மணியார்டர் வாங்கியது, நிலம் வாங்கியது, கடன் அடைத்தது, பெண் பார்த்தது எல்லாம் கூடப்பிறந்தவர்கள். ராணுவத்தில் அவரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தால், ஊரில் அண்ணனின் காகிதங்களில் ஐம்பது பக்கம் இருக்கும். அதில் அவர் பெயர் பாதி இடங்களில் இருக்காது. “மேற்படி நபர்களில் இரண்டாவது நபர்” என்றுதான் இருக்கும்.

முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம். கூட்டுக் குடும்பம் பிரிந்தபோது பதிவு செய்திருந்தால், அதில் எல்லாச் சகோதரர்களின் பெயரும், தந்தை பெயரும், உத்தேச வயதும், தொழிலும், யாருக்கு எந்த சர்வே நம்பர் என்பதும் இருக்கும். எங்கள் குடும்பத்தில் 1953-ல் பிரிந்தார்கள். அந்தப் பத்திரத்தில் ஒரு வரி: “நம்மில் இரண்டாவது நபர் யுத்த காலத்தில் அனுப்பிய தொகையைக் கொண்டு முதல் நபர் பேரில் கிரயம் வாங்கிய புஞ்சை”. அதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. தாத்தாவும் பெரிய தாத்தாவும் இருபது வருஷம் ஏன் பேசிக்கொள்ளவில்லை என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. சிப்பாயின் சம்பளம் அன்றைக்கு மாதம் 18 ரூபாய் அளவில் இருந்தது. அதில் வீட்டுக்கு ஒதுக்கிய பணம் மாதாமாதம் அண்ணன் கைக்கு வந்தது. அண்ணன் அதில் நிலம் வாங்கினார், தன் பேரில். அது சிப்பாயின் சொந்தச் சம்பாத்தியமா, பொதுக்குடும்பச் சொத்தா? அண்ணன் பக்கம் நின்றும் யோசித்துப் பார்க்கிறேன். நாலு வருஷம் ஒற்றை ஆளாக ஏர் ஓட்டி, தம்பியின் மனைவி பிள்ளைக்கும் சோறு போட்டவர் அவர். ஊரில் இல்லாதவன் பேரில் பத்திரம் முடிப்பதும் அன்றைக்கு அத்தனை சுலபமில்லை. யார் சரி என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பட்டாளத்துக் கதை என்று நான் தேடிப்போனது கடைசியில் இந்தப் புஞ்சையில்தான் வந்து நின்றது.

பத்திரம் வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடலாம். அசையாச் சொத்துப் பத்திரங்களின் பதிவுப் புத்தகத்தை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கட்டணம் கட்டினால் யாரும் நகல் வாங்கலாம். ஆட்களின் பெயர்வாரியான அட்டவணையும் சொத்துவாரியான அட்டவணையும் தனித்தனியாக உண்டு. பெயர்வாரி அட்டவணையைக் கேளுங்கள். இணையத்தில் வில்லங்கம் போட்டால் பழைய காலம் வராமல் போகலாம். அப்போது நேரில் மனுப் போட்டு கையால் தேடச் சொல்ல வேண்டும். நான் போன அலுவலகத்தில் “எழுபது வருஷத்துப் பத்திரம் எதுக்கு சார், கேஸ் போடப் போறீங்களா?” என்று மூன்று முறை கேட்டார்கள். பாட்டன் கதை எழுதுகிறேன் என்றதும் சிரித்துவிட்டுத் தேடிக் கொடுத்தார்கள்.

பாகவழக்கு நடந்திருந்தால் அது ஒரு புதையல். பிராதிலும் எதிர்வாதத்திலும் இரண்டு தரப்பும் குடும்ப வரலாற்றைத் தங்கள் கோணத்தில் எழுதி வைத்திருப்பார்கள். யார் எந்த வருஷம் எங்கே போனார், எவ்வளவு அனுப்பினார், யார் கல்யாணத்துக்கு யார் செலவு செய்தார் என்று எல்லாம் வரும். பாதி பொய்யாக இருக்கலாம். ஆனால் இருவரும் மறுக்காத விஷயங்கள் பெரும்பாலும் உண்மை.

அடுத்தது குலதெய்வக் கோயில் வரி நோட்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஆகவே பங்காளிகளின் பெயர் வரிசையாக, வருஷம் வருஷமாக இருக்கும். பட்டாளத்தில் இருந்தவருக்கும் வரி போட்டிருப்பார்கள், கட்டியவர் பெயரை ஓரத்தில் எழுதியிருப்பார்கள். எங்கள் கோயில் நோட்டில் 1944, 1945 இரண்டு வருஷமும் தாத்தா பேருக்கு எதிரே ‘அண்ணன் மூலம்’ என்று இருந்தது.

கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை 1980-ல் ஒழித்தபோது பழைய கணக்குகள் பல ஊர்களில் அந்தக் குடும்பங்களின் வீட்டிலேயே தங்கிவிட்டன. உங்கள் ஊரின் பழைய கர்ணம் வீட்டுக்காரர் யார் என்று விசாரியுங்கள். மரியாதையாகப் போய்க் கேட்டால் காட்டுவார்கள். படித்துச் சொல்லவும் அவர்களில் ஒரு பெரியவர் இருப்பார். அந்தக் கணக்குப்பிள்ளை கையெழுத்தை நம்மால் தனியாகப் படிக்க முடியாது.

கூடப்பிறந்தவர்களில் ஒருவர் மலேயா, இலங்கை அல்லது பர்மா போய்த் திரும்பவே இல்லை. அவரை எப்படித் தேடுவது?

எப்போது போனார் என்பதை முதலில் குறுக்கிப் பாருங்கள். பயணச் செலவு கொடுத்து மலேயாவுக்குக் கூலியாட்களை அழைத்துப் போவதை இந்திய அரசு 1938-ல் நிறுத்தியது, இலங்கைக்கு 1939-ல். ஆகவே தோட்டத்து வேலைக்குப் போனவர் என்றால் பெரும்பாலும் அதற்கு முன்புதான். இலங்கை போனவர், கப்பலேறும் முன் கூலியாட்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமைக் கடந்திருப்பார்.

பர்மாவில் இருந்தவர்கள் 1942-ல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கில் கால்நடையாகக் கிளம்பினார்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கு கிடையாது. மலேயாவில் இருந்தவர் ‘சயாம் ரயில்’ (ஜப்பானியர் போட்ட தாய்லாந்து–பர்மா ரயில் பாதை) வேலைக்குப் பிடித்துப்போகப்பட்டார் என்று ஒரு பேச்சு இருந்தால், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். 1942–43-ல் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பெருந்திரளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் படைவீரர்கள் அல்ல என்பதால் போர்க் கல்லறைப் பட்டியலில் பெயர் வராது. எங்கள் மூன்றாவது தாத்தா அப்படிப் போனவர்தான் என்று நம்புகிறோம். 1941-ல் ஈப்போவிலிருந்து வந்த ஒரு கடிதம்தான் கடைசி.

இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேறு வழி உண்டு. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த குடும்பங்களிடம் தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை இருக்கும். இந்தியாவில் பூர்வீக ஊர் எது என்பதற்கு அது நல்ல சான்று.

ஒரே வீட்டில் ஒருவர் பிரிட்டிஷ் பட்டாளம், இன்னொருவர் நேதாஜி படை என்கிறார்கள். நடக்கக்கூடியதா?

தாராளமாக. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது நாற்பதாயிரம் அளவில் இந்திய வீரர்கள் கைதானார்கள். அவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ., அதாவது நேதாஜி படை) சேர்ந்தார்கள். 1943-ல் நேதாஜி வந்த பிறகு மலேயாத் தமிழர்கள் தோட்டத்திலிருந்தே சேர்ந்தார்கள், பெண்களும் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ராணி ஜான்சி படையில் சேர்ந்தார்கள். 1944-ல் இம்பால் பக்கம் இரண்டு படைகளும் எதிரெதிரே நின்றன. அண்ணனும் தம்பியும் ஒரே மலையின் இரண்டு பக்கம் இருந்திருக்கலாம், ஒருவருக்கொருவர் தெரியாமலே.

ஐ.என்.ஏ.வில் இருந்தவருக்கு ஆவணம் வேண்டுமென்றால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்புகள் உள்ளன. இன்னொரு வழி, தியாகி பென்ஷன் மனு. மத்திய அரசு 1972-ல் தொடங்கிய திட்டத்துக்கு மனுப் போட்டிருந்தால், எங்கே சேர்ந்தார், எந்தச் சிறையில் இருந்தார், உடன் இருந்தவர் யார் என்று வாக்குமூலம் போல எழுதியிருப்பார். மனு நிராகரிக்கப்பட்டிருந்தாலும் அந்த நகலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வயதும் பெயரும் வீட்டில் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. வேறு ஆளா?

அவசியமில்லை. பதினாறு வயதுப் பையன் பதினெட்டு என்று சொல்லிச் சேர்ந்தது சகஜம். ஆளெடுப்பவரும் கண்டுகொள்ளவில்லை. சாதி மாறியிருப்பதற்கும் காரணம் உண்டு. இன்ன வகுப்பார் இத்தனை பேர் என்று கணக்குப் பார்த்து ஆள் எடுத்த காலம் அது. எந்த வகுப்புக்கு இடம் இருந்ததோ அதைச் சொல்லி உள்ளே போனவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறு, எழுதிய பெயர் வேறு என்பது நம் ஊரில் இன்றும்தான். ஊர், தந்தை பெயர், அங்க அடையாளம் மூன்றும் பொருந்தினால் ஆள் அவர்தான்.

அண்ணன் பெயரில் தம்பி போனதும் உண்டு.

தாத்தா எழுதிய கடிதங்களில் இடத்தின் பெயரே இல்லையே?

தணிக்கை. இடம் எழுதக் கூடாது. ஆனால் உறையில் எஃப்.பி.ஓ. என்ற எண்ணோடு வட்ட முத்திரை இருக்கும். அது களத் தபால் நிலையத்தின் எண். எந்த எண் எந்த மாதத்தில் எங்கே இருந்தது என்று தபால்தலை சேகரிப்பவர்கள் துல்லியமாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள், ஆர்வத்தோடு சொல்வார்கள். தபால்தலைக்காக உறையைக் கிழித்து விற்றுவிட்டீர்கள் என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

“கோஹிமாவில் ஜப்பான்காரனோடு கைகலந்தார்” என்று சொல்கிறார்கள். நம்பலாமா?

படையைக் கண்டுபிடித்த பிறகு, அந்தப் பிரிவின் போர் நாட்குறிப்பைப் பாருங்கள். தென்கிழக்கு ஆசியக் களத்தின் நாட்குறிப்புகள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் உள்ளன. சிப்பாய் பெயர் அரிதாகவே வரும். அன்றைக்கு அந்தப் பிரிவு எங்கே இருந்தது, மழையா, சோறு வந்ததா என்பது தெரியும்.

எங்கள் தாத்தா கோஹிமாவில் இல்லை. அவர் இருந்த சாப்பர் பிரிவு அந்த மாதங்களில் இம்பால் சாலையில் பாலம் போட்டுக்கொண்டிருந்தது. அதைச் சொன்னபோது சித்தப்பாவுக்கு வருத்தம். நான் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றிச் சொன்னேன். மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த அவர் 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில், வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். வீரத்துக்கான உயரிய விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். ரோடு போடுகிறவன் வேலை அத்தனை பத்திரமானது இல்லை என்று சித்தப்பாவுக்கு அப்புறம் புரிந்தது.

சண்டைக்குப் போனவருக்குப் பென்ஷன் ஏன் இல்லை?

போர்க்காலத்தில் சேர்த்தவர்களைப் போர் முடிந்ததும் கும்பல் கும்பலாக அனுப்பிவிட்டார்கள். பென்ஷனுக்கு 15 வருஷ சர்வீஸ் வேண்டும். நாலைந்து வருஷம் இருந்தவருக்குக் கையில் ஒரு தொகை, ரயில் பாஸ், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு பின்னாளில் மாத நிதியுதவி கொடுத்தது. அதற்காகப் போட்ட மனு நகல் பாட்டியிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

தாத்தா பட்டாளத்திலிருந்து ஓடி வந்துவிட்டார் என்று ஊரில் சொல்கிறார்கள். இதையெல்லாம் தோண்ட வேண்டுமா?

தோண்டுங்கள். ஓடி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அம்மா செத்த செய்தி வந்து லீவு கிடைக்காமல் வந்தவர்கள், லீவில் வந்து அறுப்பு முடியட்டும் என்று தங்கிப்போனவர்கள், பயந்தவர்கள். ‘ஓடி வந்தார்’ என்று ஊர் சொன்னவர் உண்மையில் காய்ச்சலில் உடம்பு முடியாமல் விடுவிக்கப்பட்டவராகவும் இருப்பார். டிஸ்சார்ஜ் புக்கில் காரணம் என்ற இடத்தைப் பாருங்கள்.

கேட்கும்போது மட்டும் நேராகக் கேட்காதீர்கள். எங்கள் அத்தைப்பாட்டியிடம் “தாத்தா ஏன் திரும்பினார்” என்று கேட்டபோது பதிலே இல்லை. “அவர் திரும்பி வந்த அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தீர்கள்” என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். அண்ணன் வயலில் இருந்தாராம். சேதி சொல்ல ஆள் ஓடியதாம். அவர் ஏரை நடுவில் விட்டுவிட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்து, “சாப்பிட்டியா” என்று மட்டும் கேட்டாராம்.